பாடநூல் குழுவுக்கு ஒரு மடல்: பருத்தி விளையாத நாடு சட்டை விற்ற கதை

மேல்நிலை வகுப்புப் பொருளியல் பாடநூல் எழுதும் குழுவினருக்கு,

வணக்கம்.

"பொருளாதார வளர்ச்சியைத் தீர்மானிக்கும் காரணிகள் யாவை?" என்று கேட்டால் எந்த மாணவரும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்: இயற்கை வளம், மூலதனம், மனித வளம், தொழில்நுட்பம், அரசியல் நிலைத்தன்மை, சமூக அமைப்பு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதிவிட்டால் மதிப்பெண் வந்துவிடும். இதே பட்டியலைக் கையில் கொடுத்து, 1971 டிசம்பரில் ஒரு மாணவரை உட்காரவைத்து, பாகிஸ்தான், வங்கதேசம் இரண்டில் எது முன்னுக்கு வரும் என்று கேட்டிருந்தால், யோசிக்காமல் பாகிஸ்தான் என்று எழுதியிருப்பார். நாமும் முழு மதிப்பெண் போட்டிருப்போம்.

பாகிஸ்தானிடம் சிந்து நதிக் கால்வாய்கள் இருந்தன. பஞ்சாபிலும் சிந்துவிலும் பருத்தி விளைந்தது. அதை நூற்க ஆலைகளும், ஏற்றி அனுப்பக் கராச்சித் துறைமுகமும் இருந்தன. வங்கதேசத்தில் 1970 நவம்பரில் அடித்த புயல் லட்சக்கணக்கானவரைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு போர், 1974-இல் பஞ்சம். கையிலிருந்த ஒரே பெரிய ஏற்றுமதிச் சரக்கான சணலையும் பிளாஸ்டிக் பை தின்றுகொண்டிருந்தது.

2023-இல் தலா உள்நாட்டு உற்பத்தி வங்கதேசத்தில் சுமார் 2,500 டாலர், பாகிஸ்தானில் சுமார் 1,400 டாலர். ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஐந்து வயதுக்குள் இறப்பவர்கள் வங்கதேசத்தில் 31 பேர் (2022 ஆய்வு), பாகிஸ்தானில் 74 பேர் (2017-18 ஆய்வு). பருத்தி ஏறக்குறைய விளையாத வங்கதேசம் 2023-24 நிதியாண்டில் சுமார் 3,600 கோடி டாலருக்கு ஆயத்த ஆடை அனுப்பியது. பருத்தி விளைகிற பாகிஸ்தான் நூல், துணி, துண்டு, படுக்கை விரிப்பு, ஆடை எல்லாம் சேர்த்தே 1,700 கோடியைத் தொடவில்லை.

24 ஆண்டுகள் ஒரே நாடாக, ஒரே காலனியச் சட்டங்களோடு இருந்தவை இவை. இரண்டிலும் பெரும்பான்மை மதம் ஒன்றே. 'ராணுவ ஆட்சி' என்ற சுலபமான விடையும் இங்கே முழுதாக உதவாது. வங்கதேசத்தையும் 1975 முதல் 1990 வரை பெரும்பாலும் படைத்தளபதிகளே ஆண்டார்கள்: ஜியாவுர் ரஹ்மான், பிறகு எர்ஷாத். ஊழலிலும் இரு நாடுகளும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. பட்டியலில் இருக்கிற காரணிகளில் பாதி இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும். மிச்சமிருப்பதைத்தான் பாடமாக்க வேண்டும் என்கிறோம். மத்தியப் பாடநூலில் இந்தியா, சீனா, பாகிஸ்தான் மூன்றையும் ஒப்பிடும் ஓர் இயல் இருக்கிறது. நல்ல முயற்சிதான், ஆனால் வங்கதேசம் அதில் இல்லை. உங்கள் அடுத்த பதிப்பில் இந்த ஜோடிக்கு ஒரு முழுப் பாடம் வேண்டும். 'நல்லாட்சி', 'மனித மூலதனம்' என்ற சொற்களை ஓரம் வைத்துவிட்டு, யார் யாருக்கு எதற்குப் பணம் கொடுத்தார்கள், அதை யார் சரிபார்த்தார்கள் என்ற அளவுக்கு இறங்கி எழுதுங்கள். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

முதலில் உப்புச் சர்க்கரைக் கரைசல். வயிற்றுப்போக்கில் உடல் வற்றாமல் காக்க வாயால் குடிக்கக் கொடுக்கும் இந்தக் கரைசலை 1968-இல் டாக்கா காலரா ஆய்வகத்தில் நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். 1971-இல் மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மஹாலநபிஸ் அதைப் பெருமளவில் பயன்படுத்தி, காலரா இறப்பை நூற்றுக்கு முப்பதிலிருந்து நான்குக்கும் கீழே இறக்கினார். அறிவியல் அதோடு முடிந்தது. கிராமத்துத் தாய்க்கு அதைக் கொண்டுபோவதுதான் மிச்சம். ஃபஸ்லே ஹசன் அபேத் வங்கதேசத்தில் தொடங்கிய பிராக் தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை பெண் பணியாளர்களை வீடு வீடாக அனுப்பி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் இதைக் கற்றுக்கொடுத்தது. பொட்டலம் கிடையாது. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர், அதாவது ஏறக்குறைய அரை லிட்டர். தாயே தன் கையால் கரைத்துக் காட்ட வேண்டும்.

இதில் என்ன தவறும் என்பதையும் எழுதுங்கள். சிட்டிகை பெரிதானாலும் தண்ணீர் குறைந்தாலும் குழந்தையின் ரத்தத்தில் உப்பு ஏறும், மருந்தே ஆபத்தாகும். அதனால் தாய்மார் கரைத்த கரைசலின் மாதிரிகளை ஆய்வகத்தில் சோதித்தார்கள். அடுத்த சிக்கல் வேறு மாதிரி. தாய்மாருக்குக் கரைக்கத் தெரிந்தது, ஆனால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது கொடுத்தவர்கள் சிலரே. விசாரித்ததில், சொல்லிக்கொடுக்கப் போன பணியாளர்களுக்கே இதில் நம்பிக்கை இல்லை என்பதும், வீட்டு ஆண்களிடம் யாரும் பேசவில்லை என்பதும் தெரியவந்தது. இரண்டையும் சரிசெய்தபின் பயன்பாடு ஏறியது.

சம்பள விதிதான் இந்தப் பாடத்தின் உயிர். எத்தனை வீடு ஏறினாய் என்று கணக்குப் பார்த்துக் கூலி கொடுக்கவில்லை. சில வாரம் கழித்து வேறொரு கண்காணிப்பாளர் சில வீடுகளைத் தானாகத் தேர்ந்தெடுத்துப் போவார். தாய் குறிப்புகளை எவ்வளவு நினைவு வைத்திருக்கிறார், கரைசலைச் சரியாகச் செய்கிறாரா என்று பார்த்து நான்கு தரமாகப் பிரிப்பார். முதல் தரத்துக்கு முழுத்தொகை, கடைசித் தரத்துக்குச் சல்லிக்காசு கிடையாது.

இதன் பக்கத்தில் 1965-இல் பாகிஸ்தான் அதிபர் அயூப் கான் தொடங்கிய குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை வையுங்கள். அங்கேயும் 'வேலைக்கேற்ற கூலி'தான். ஊர் மருத்துவச்சிகளுக்கு, கருத்தடை வளையம் பொருத்த அழைத்துவரும் தலைக்கு இவ்வளவு என்று பணம். எண்ணிக்கையால் லாபம் பெறுபவரே எண்ணிக்கையைச் சொல்லும் ஏற்பாடு. தாளில் எண்கள் ஏறின, பிறப்பு குறையவில்லை. அந்த ஏற்பாடு அன்றைய கிழக்குப் பாகிஸ்தானிலும் இருந்தது என்பதைச் சொல்ல மறக்க வேண்டாம். வங்காளிகள் பிறவியிலேயே நிர்வாகப் புலிகள் என்று மாணவர் நினைத்துவிடக் கூடாது. 1976-க்குப் பின் வங்கதேச அரசு அந்தந்த ஊர்ப் பெண்களையே சம்பளத்துக்கு அமர்த்தி, மாத்திரையோடு வீட்டு வாசலுக்கு அனுப்பியது. வெளியே போகத் தடையுள்ள பெண்ணுக்கு வாசலில் வந்து நிற்கும் இன்னொரு பெண் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நம் ஊர் கிராம செவிலியர்களைக் கேட்டாலே சொல்வார்கள். 1975 வாக்கில் இரு நாடுகளிலும் ஒரு பெண்ணுக்குச் சராசரி ஆறுக்கு மேல் குழந்தைகள். பிந்தைய ஆய்வுகளில் வங்கதேசத்தில் 2.3, பாகிஸ்தானில் 3.6. பாகிஸ்தானும் 1994-இல் பெண் சுகாதாரப் பணியாளர் திட்டத்தைத் தொடங்கியது, அது பலனும் தந்தது. ஆனால் நடுவே ஒரு தலைமுறை போய்விட்டது.

பெண் கல்வி உதவித்தொகையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1994-இல் வங்கதேசம் கிராமப்புற உயர்நிலைப் பள்ளி மாணவியர் எல்லாருக்கும் மாதாந்தரத் தொகை கொடுத்தது. நிபந்தனை மூன்று: 75 சதவீத வருகை, தேர்வில் 45 சதவீத மதிப்பெண், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வரை திருமணம் ஆகியிருக்கக் கூடாது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தை நம் மாணவர் அறிவர். அது படித்த பெண்ணுக்குத் திருமணத்தின்போது பணம் தந்தது. வங்கதேசத் திட்டம் திருமணம் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதத்துக்கும் பணம் தந்தது. இந்த இரண்டையும் ஒப்பிட்டு எழுதச் சொன்னால் வகுப்பில் நல்ல சண்டை நடக்கும். ஓட்டையும் உண்டு. மாணவிக் கணக்குப்படி பள்ளிக்கும் கட்டணம் வந்ததால், வராத பெண்ணுக்கும் வருகை போடுகிற சபலம் அதிலேயே இருந்தது.

இனி சட்டை. 'மலிவான கூலி' என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். மலிவான கூலி பாகிஸ்தானிலும் இருந்தது. 1970-களின் இறுதியில் தென்கொரியாவின் டேவூ நிறுவனத்துக்கு, ஒரு நாட்டிலிருந்து இவ்வளவு ஆடைதான் வரலாம் என்ற அமெரிக்க ஒதுக்கீட்டு வரம்பு கழுத்தை நெரித்தது; ஒதுக்கீடு தீராத நாடு தேவைப்பட்டது. டாக்காவில் நூருல் காதரின் தேஷ் கார்மெண்ட்ஸோடு ஒப்பந்தம் போட்டு, 1979-இல் 130 பேரை ஆறு மாதப் பயிற்சிக்குப் பூசானுக்கு வரவழைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் அவர்களில் 115 பேர் தேஷை விட்டுப் போய்ச் சொந்தமாகத் தொழிற்சாலை தொடங்கினார்கள், அல்லது புதுத் தொழிற்சாலைகளில் சேர்ந்தார்கள். காதருக்கு நட்டம், நாட்டுக்குப் பயிற்சிப் பள்ளி.

அந்தப் புது முதலாளிகளிடம் பணம் ஏது? இங்கேதான் பேக்-டு-பேக் எல்.சி.யும் பாண்டட் கோடவுனும் வருகின்றன. எல்.சி. என்பது, சரக்கு அனுப்பிய ஆவணத்தைக் காட்டினால் பணம் தருவோம் என்று வாங்குபவரின் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்; ஒன்றை ஈடாக வைத்து இன்னொன்றைத் திறந்தால் அது பேக்-டு-பேக். பாண்டட் கோடவுன் என்பது வரி கட்டாத சரக்கைச் சுங்கக் கண்காணிப்பில் வைக்கும் கிடங்கு. ஒரு கணக்குப் போட்டே விளக்கலாம். ஒரு சட்டை 5 டாலர் வீதம் 20,000 சட்டைக்கு ஆர்டர் என்று வையுங்கள். வாங்குபவர் ஒரு லட்சம் டாலருக்கு எல்.சி. திறக்கிறார். டாக்கா வங்கி அதையே ஈடாக வைத்து, சீனாவிலுள்ள துணி ஆலைக்கு 70,000 டாலருக்கு இன்னொரு எல்.சி. திறக்கிறது, பணம் 120 நாளில் என்று. துணி வருகிறது. சுங்க வரி இல்லை, நேரே பூட்டிய கிடங்குக்குப் போகிறது. எத்தனை சட்டைக்கு எத்தனை கெஜம் என்று ஒரு பயன்பாட்டு அறிக்கை. 90 நாளில் தைத்துக் கப்பல் ஏற்றினால், வரும் ஒரு லட்சத்தில் துணி ஆலைக்கு உரியதை வங்கி முதலில் எடுத்துக்கொண்டு மிச்சம் 30,000-த்தை முதலாளிக்குத் தரும். அவர் கைப்பணம் தேட வேண்டியது வாடகைக்கும் தையல் இயந்திரத்துக்கும் கூலிக்கும் மட்டும்.

அதே துணிக்கு 30 சதவீத வரி கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்க வேண்டும் என்று விதி இருந்தால்? 21,000 டாலர் கருவூலத்தில் மாட்டிக்கொள்ளும். முதலாளிக்குக் கிடைக்கிற மொத்தமே 30,000 எனும்போது, கூலியை எதிலிருந்து கொடுப்பார்? பெரிய ஆலைக்காரர் தாங்குவார், இருபது இயந்திரம் போட்டவர் மூடிவிடுவார். பாகிஸ்தானில் ஏற்றுமதியாளர்களின் நீண்டநாள் புலம்பலே வரித் திருப்பத்தொகை நிலுவைதான். 2019-இல் ஏற்றுமதித் துறைகளுக்கான விற்பனை வரிச் சலுகையை எடுத்துவிட்டு, 17 சதவீதம் கட்டிப் பிறகு திரும்பப் பெறுங்கள் என்றபோது அது இன்னும் உரத்துக் கேட்டது. சொந்தப் பருத்தியே ஒரு வகையில் கண்ணைக் கட்டியது என்பது எங்கள் கருத்து. பஞ்சு இருந்ததால் நூலும் துண்டும் விற்றாலே போதும் என்றிருந்தார்கள். உள்ளூர் பாலியஸ்டர் ஆலைகளைக் காக்கப் போட்ட இறக்குமதி வரி, உலகம் செயற்கை இழைக்கு மாறியபோது தைப்பவர் தலையில் விடிந்தது.

டாக்கா ஏற்பாட்டின் அழுக்கையும் மறைக்க வேண்டாம். வரியில்லாமல் வந்த துணி கிடங்கிலிருந்து நழுவி டாக்கா இஸ்லாம்பூர் சந்தையில் விலைபோவது ஊரறிந்த ரகசியம். வாங்குபவர் சரக்கைத் தள்ளினால் துணி ஆலைக்குரிய பணத்தை வங்கி கொடுத்துவிட்டு முதலாளி தலையில் கடனாக ஏற்றும். வாராக்கடனில் அதற்கும் பங்குண்டு. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே சாவாரில் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் செத்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்து கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடின. மேலே தைப்பவர்களை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள். 2024-இல் ஏற்றுமதிக் கணக்கே 1,000 கோடி டாலருக்கு மேல் கூட்டிக் காட்டப்பட்டிருந்தது வெளியானது. எனவே அட்டவணைகளுக்குத் திருத்தத்துக்குப் பிந்தைய எண்களையே எடுங்கள்.

இதற்கு ஐந்து பாடவேளை போதும். எல்.சி. கணக்கை மாணவர் தாளில் போடட்டும், கரைசலை ஆய்வகத்தில் கரைத்துப் பார்க்கட்டும். நம் ஊர் 200 மில்லி டம்ளருக்கு எவ்வளவு உப்பு என்று அவர்களே அளவு மாற்றட்டும். தேர்வுக்கு 'காரணிகள் யாவை' என்பதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: "ஒரு நலத்திட்டப் பணியாளருக்கு நீங்கள் கூலி நிர்ணயிக்க வேண்டும். எதை எண்ணுவீர்கள், யாரை எண்ணச் சொல்வீர்கள், அவர் பொய் சொன்னால் எப்படித் தெரியும்? (10 மதிப்பெண்)". விடைக்குறிப்பு எழுத ஆள் வேண்டுமானால் நாங்கள் எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
மேல்நிலைப் பொருளியல் ஆசிரியர்கள் சிலரும்
ஏற்றுமதி ஆவணப் பணியாளர்கள் சிலரும்