புனித கிங்கா சிற்றாலய வரலாற்று நூல்: நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரை அடுத்த வியெலிச்கா உப்புச் சுரங்கத்தில், தரைமட்டத்திலிருந்து 101 மீட்டர் ஆழத்தில் இருக்கும் புனித கிங்கா சிற்றாலயத்தின் வரலாற்றைத் தமிழில் ஒரு சிறு நூலாக எழுதி முடித்திருக்கிறேன். துணைநின்ற அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

முதல் நன்றி, அச்சுரங்கத்தில் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவருக்கு உரியது. உப்பு வெட்டி எடுத்தபின் வெறுமையாய் நின்ற ஓர் அறையில் 1896இல் தொடங்கிய வேலையை, யூசெப் மார்கோவ்ஸ்கி, அவருடைய உடன்பிறந்தவரான தோமாஷ், அவர்களுக்குப் பின் அந்தோனி விரோதெக் ஆகிய மூன்று சுரங்கத் தொழிலாளர்கள் 1963 வரை தொடர்ந்தார்கள் என்பதை முன்பே படித்திருந்தேன். ஆனால், விரோதெக் செதுக்கிய இறுதி இராவுணவுச் சிற்பத்துக்குப் பக்கவாட்டில் என்னை நிற்கவைத்து, எதிரே நின்று பார்த்தால் நீண்ட கூடமாகத் தெரியும் அக்காட்சி உப்புச் சுவரின் சொற்ப ஆழத்துக்குள்ளேயே அடங்கியிருப்பதைக் காட்டியவர் அவர்தான். காலடியில் ஓடு பாவியதுபோல் தெரிந்த தளமும், உப்புப் பாறையிலேயே கோடு கீறிச் செதுக்கியது என்று குனிந்து தொட்டுக் காட்டினார். வந்தவர்கள் பெரும்பாலும் சரவிளக்குகளைப் படமெடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். இன்றும் ஞாயிறுதோறும் திருப்பலி நடக்கும் இவ்விடம், எல்லாவற்றுக்கும் முன்னால், உயிரைப் பணயம் வைத்து இறங்கியவர்களின் வழிபாட்டிடம் என்பதே என் உறுதியான எண்ணம். நூலை அந்த நோக்கில் எழுதத் துணிவு தந்ததும் அவர் பேச்சே.

போலிஷ் ஆவணங்களை வரிவரியாகப் படித்துப் பொருள் சொன்ன தோழிக்கும், காற்றின் ஈரம் உப்புச் சிற்பங்களை எப்படி அரிக்கிறது என்பதைப் பொறுமையாக விளக்கிய பாதுகாப்புப் பொறியாளருக்கும் கடமைப்பட்டுள்ளேன். 1978இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த இச்சுரங்கம், அந்த ஈரத்தாலேயே 1989 முதல் 1998 வரை ஆபத்துக்குள்ளான மரபிடங்களின் பட்டியலிலும் இருந்தது. அந்த அத்தியாயம் முழுவதும் அவருடைய விளக்கத்தால் உருவானது.

திருச்சபை வழக்குச் சொற்களைத் திருத்தித் தந்த அருட்தந்தைக்கும், மெய்ப்புப் பார்த்த ஆசிரியைக்கும், அச்சகத்தாருக்கும் நன்றி. நூலின் முதற்படியை அந்த ஓய்வுபெற்ற தொழிலாளரின் இல்லத்துக்கே அனுப்பிவைக்கிறேன்.

பணிவன்புடன்,
நூலாசிரியர்