கையெழுத்துக்கு முன்

அன்புள்ள கண்ணுவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே அம்மாவும் நானும் நலம். அம்மாவின் முட்டிவலி மழைக்குச் சற்றுக் கூடியிருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு முன் பேச நேரமில்லாத நீ, மூன்று வாரங்களாகப் பகல் பதினொரு மணிக்கே அழைக்கிறாய். பின்னால் குக்கர் விசில் கேட்கிறது. நான் எதையும் கேட்கப்போவதில்லை. தொழிலாளர் சட்டத்தில் வந்திருக்கும் மாற்றங்களை மட்டும் எழுதுகிறேன். முப்பத்தொரு வருடம் மில்லின் டைம் ஆபீஸில், ஆட்களின் வருகைப்பதிவு பார்க்கும் இடத்தில், உட்கார்ந்தவனுக்குத் தெரிந்தது அதுதான்.

2025 நவம்பர் 21 முதல், 29 மத்தியச் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஒருவர் தானாக விலகினாலும் நிர்வாகம் விலக்கினாலும், அவருக்குச் சேரவேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்கிறது ஊதியத் தொகுப்பு. மேலாளர் உட்பட எல்லா ஊழியருக்கும் அது பொருந்தும். ஒரே வருடத்தில் கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை அப்படியே நம்பாதே. அது குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு. நிரந்தர ஊழியருக்குப் பழைய ஐந்து வருடக் கணக்குதான். நீ ஆறு வருடம் முடித்துவிட்டாய், உனக்கு உண்டு.

ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளம், வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம், அதற்கு மேல் மறுதிறன் நிதியிலிருந்து (வேலை இழந்தவர் வேறு திறன் கற்பதற்கென்று உள்ள நிதி) இன்னொரு 15 நாள் சம்பளம் 45 நாட்களுக்குள் தர வேண்டும். இது ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கு மட்டும். மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குவோர் அதில் வரமாட்டார்கள். ஆனால் வழக்கு என்று போனால், பதவியின் பெயரைவிட நாள் முழுவதும் என்ன வேலை செய்தாய் என்பதையே பார்ப்பார்கள். ஆகவே நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் அலுவலக லேப்டாப்பில் மட்டும் வைத்திராமல் உன் கையில் வைத்துக்கொள்.

இந்த ஆட்குறைப்புப் பணமெல்லாம் நிர்வாகம் விலக்கினால்தான். ராஜினாமாக் கடிதம் கொடுத்தவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. அதனால்தான் அழைத்து உட்காரவைத்து, நல்லபடியாகப் பேசி, ‘நீங்களே எழுதிக் கொடுத்தால் அனுபவச் சான்றிதழ் சுத்தமாக இருக்கும்’ என்பார்கள். கையெழுத்துப் போடாதே. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிடு.

நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கணினி முன் உட்கார்ந்தவள் நீ. பெரியப்பாவிடம் அதை நான் சொல்லாத நாளில்லை. ஆனாலும் பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்த பழக்கம் உன்னைவிட்டுப் போகவில்லை என்று நினைக்கிறேன்.

நான் ஒளித்ததையும் எழுதிவிடுகிறேன். 1999இல் மில்லில் ஏறக்குறைய இருநூறு பேர் இருந்தோம். நூறு பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்பது அன்றைய சட்டம். (இப்போது அந்த எண்ணிக்கை 300 ஆகிவிட்டது, எங்கள் மில்லைப் போன்றவற்றுக்கு இனி அந்த அனுமதியே தேவையில்லை.) அனுமதி கேட்காமலிருக்க நிர்வாகம் கண்ட வழி, ‘சுயவிருப்பத்தின் பேரில்’ என்று தட்டச்சு செய்த ராஜினாமாக் கடிதம். அதை ஒவ்வொருவரிடமும் நீட்டிக் கையெழுத்து வாங்கியவன் நான். நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரத்தில் இருந்த நம் பின்வீட்டு அக்கா, ‘தம்பி, இதுல என்ன எழுதியிருக்குது?’ என்று கேட்டார். ‘கணக்கு முடிக்கிற காகிதங்க அக்கா, வெச்சிருங்க’ என்றேன். ஊதா மையில் பெருவிரலை அழுத்திவிட்டு, மடியில் ஒட்டியிருந்த கழிவுப்பஞ்சில் துடைத்துக்கொண்டே போனார். பதினேழு வருடம் வேலை செய்தவர். என் வேலை நிலைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் உன் கான்வென்ட் கட்டணத்தைக் கட்டினேன். அம்மாவுக்கும் இது தெரியாது.

அம்மா பருப்புப்பொடி அரைத்துவைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை காலை ரயிலில் நானே கொண்டுவருகிறேன். மாப்பிள்ளையிடம் நான் வருவதைச் சொல். அதற்குள் யாராவது காகிதத்தையோ கணினித் திரையையோ காட்டிக் கையெழுத்துக் கேட்டால், அப்பா வெள்ளிக்கிழமை வருகிறார், படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா