பேசாத போனுக்கும் ஒரு கட்டணம் வகுத்துத் தாருங்கள்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர், உறுப்பினர்கள் அவர்களுக்கு,

வணக்கம்.

ஆபத்துக்கு உதவட்டும் என்று வீட்டில் எடுத்து வைத்திருக்கும் இரண்டாவது போனைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் நாகப்பட்டினம் கடற்கரைப் பக்கம் பல வீடுகளில் இப்படி ஒன்று உண்டு. பெரும்பாலும் பழைய கீபேட் போன். பீரோவில் ரேஷன் கார்டும் வீட்டுப் பத்திரமும் இருக்கும் மஞ்சள் பையிலேயே அதுவும் கிடக்கும். அவ்வப்போது எடுத்து சார்ஜ் போட்டு, டவர் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவோம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது கரண்டும் போய் டவர்களும் படுத்துவிட்டன. எந்தக் கம்பெனி சிக்னல் முதலில் திரும்பும் என்று சொல்ல ஆளில்லை. கையில் இருப்பது ஒரு கம்பெனி சிம் என்றால் பையில் இருப்பது வேறு கம்பெனியாக இருக்க வேண்டும் என்ற வழக்கம் எங்கள் வீட்டில் அன்று வந்தது.

புயல் மட்டும் காரணமில்லை. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனவர்களின் ஊர் நம்பர் வீட்டில் மனைவியிடம் இருக்கும். பேங்க் ஓடிபி அதற்குத்தான் வரும். வயதானவர்களின் ஆதார், பென்ஷன், கேஸ் கனெக்ஷன் எல்லாம் என்றோ கொடுத்த ஒரு பழைய நம்பரில் நிற்கின்றன. இவர்கள் யாரும் அந்த சிம்மில் பேசப் போவதில்லை. நம்பர் உயிரோடு இருந்து, வருவது வந்து சேர்ந்தால் போதும்.

அதற்குத்தான் இன்று விலை கட்டுப்படியாகவில்லை. 2024 டிசம்பரில் நீங்கள் ஒரு நல்ல திருத்தம் கொண்டுவந்தீர்கள். டேட்டா இல்லாமல், பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான ரீசார்ஜ் ஒன்றையாவது ஒவ்வொரு கம்பெனியும் தர வேண்டும் என்றீர்கள். 90 நாளாக இருந்த சிறப்பு ரீசார்ஜ் வவுச்சர்களின் உச்ச வேலிடிட்டியை 365 நாளாக உயர்த்தினீர்கள். அடுத்த மாதமே பிளான்கள் வந்தன. ஏர்டெல்லும் வி-யும் (வோடஃபோன் ஐடியா) ஓராண்டுக்கு 1849 ரூபாய் வைத்தன, ஜியோ 336 நாளுக்கு 1748 ரூபாய் வைத்தது. மாதத்துக்கு ஏறத்தாழ 155 ரூபாய். எல்லாவற்றிலும் அளவில்லா அழைப்பு, ஆயிரக்கணக்கில் எஸ்எம்எஸ். டேட்டாவைத் தனியே பிரித்துவிட்டீர்கள், அதற்கு நன்றி. ஆனால் பேச்சும் வேண்டாம் என்பவருக்கு அதிலும் வழியில்லை. ஒரு காபி போதும் என்று வந்தவரை முழுச் சாப்பாட்டு டோக்கன் வாங்கச் சொல்வது போலத்தான் இது இருக்கிறது.

போன வருடம் என் அம்மாவின் சிம்முக்கு வேலிடிட்டி முடிந்து, சில நாளில் வரும் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் நின்றுபோயின. மெயின் பேலன்ஸில் பணம் இருந்தது. சிலிண்டர் போடுகிறவர் வாசலில் நின்று டெலிவரி கோடு கேட்டபோதுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. ரீசார்ஜ் கடைக்குப் போய், “டேட்டா வேண்டாம் தம்பி, பேசவும் மாட்டாங்க, நம்பர் மட்டும் இருந்தா போதும்” என்றேன். அவர் செயலியை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, “அப்படி ஒண்ணு இல்லக்கா. இருக்கறதுலயே குறைச்சல் இதுதான்” என்று காட்டினார். அதையே போட்டுக்கொண்டு வந்தேன். அம்மா அதில் யாரிடமும் பேசவில்லை.

20 ரூபாய் இருப்பு விதி இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். 2013இல் கொண்டுவந்த விதி அது. 90 நாள் பயன்படுத்தாமல் இருந்தால்தான் எண்ணை முடக்கலாம், கணக்கில் 20 ரூபாய் இருந்தால் முடக்கக் கூடாது, முடங்கினாலும் மீட்க 15 நாள் அவகாசம் தர வேண்டும். அந்த விதி நம்பரைக் காப்பாற்றுகிறது, உண்மைதான். ஆனால் நம்பர் நம் பெயரில் இருந்தும் ஓடிபி வராது, அழைப்பு வராது என்றால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 2018இல் 28 நாளுக்கு 35 ரூபாய் கட்டாயம் என்று கம்பெனிகள் தொடங்கியபோது, போதிய இருப்பு உள்ளவர்களின் சேவையை உடனே நிறுத்தக் கூடாது என்று நீங்களே சொன்னீர்கள். அன்று 35 ரூபாய்க்கே கேள்வி கேட்டவர்கள் நீங்கள்.

கம்பெனிகளின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. முன்பெல்லாம் வரும் அழைப்புக்கு அழைப்பவரின் கம்பெனி நிமிடத்துக்கு இத்தனை பைசா என்று கொடுத்தது. 14 பைசாவாக இருந்ததை 2017இல் 6 பைசாவாகக் குறைத்தீர்கள், 2021 ஜனவரி 1 முதல் அதுவும் இல்லை. சும்மா கிடக்கும் சிம்மால் இப்போது அவர்களுக்கு வருமானமில்லை. 999 ரூபாய்க்கு ‘லைஃப்டைம்’ சிம் விற்ற காலம் திரும்பாது. அதனால் இலவசமாகக் கேட்கவில்லை. நம்பரை வைத்திருக்க ஒரு வாடகை வாங்கட்டும், நியாயமாக வாங்கட்டும்.

நான் கேட்பது ஓராண்டு வேலிடிட்டியுள்ள ஒரு ரீசார்ஜ். 300 ரூபாய்க்குள், அதாவது மாதம் 25 ரூபாய்க்குள். வரும் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் ஆண்டு முழுக்க நிற்கக் கூடாது. வெளியே பேசினால் பேசிய அளவுக்கு மெயின் பேலன்ஸில் எடுத்துக்கொள்ளட்டும். கீபேட் போனுக்கும் இது பொருந்த வேண்டும். கடைக்காரர் திரையில் மற்ற பிளான்களோடு சேர்ந்து தெரிய வேண்டும். தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய பிளான் எங்கள் அம்மாக்களுக்கு இல்லாத பிளான்தான். வேலிடிட்டி முடியும் முன் வரும் எச்சரிக்கையும் தமிழில் வரட்டும்.

கட்டணத்தைச் சந்தையே முடிவு செய்யட்டும் என்பது உங்கள் பொதுவான நிலை என்று அறிவேன். விலை சொல்வது உங்கள் வேலையில்லை என்றால், வடிவத்தையாவது சொல்லுங்கள். 28 நாளை மாதம் என்று விற்றபோது, 30 நாள் பிளான் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2022இல் ஆணையிட்டது நீங்கள்தான்.

கைவிட்ட நம்பர் எங்கே போகிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். முடக்கிய எண்ணைக் குறைந்தது 90 நாளுக்கு வேறு யாருக்கும் தருவதில்லை என்பது 2023இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. அதற்குப் பிறகு அது யார் கைக்கும் போகலாம். காசில்லாமல் சிம்மை விட்ட ஒரு பாட்டியின் பேங்க் கணக்கு அந்த நம்பரில்தான் இருக்கும். மாற்றிக்கொள்ள வேண்டியது அவர் பொறுப்பு என்று விதி சொல்லலாம். மாற்றுவதற்கு அவர் கிளைக்கு பஸ் ஏறிப் போக வேண்டும்.

இதைப் பற்றி மக்களின் கருத்தைக் கேட்கும் கலந்தாய்வு அறிக்கை ஒன்றை வெளியிடுங்கள். அதைத் தமிழிலும் வெளியிட்டு, தமிழில் எழுதும் கருத்துகளையும் ஏற்றுக்கொள்ளுங்கள். எங்கள் தெரு ரீசார்ஜ் கடைக்காரரிடம் உங்களுக்குச் சொல்ல என்னைவிட அதிகம் இருக்கிறது.

இப்படிக்கு,
நாகப்பட்டினம் மாவட்டத்திலிருந்து ஒரு ப்ரீபெய்டு வாடிக்கையாளர்