முதல் ஸ்நூக்கர் கியூ வாங்கப்போகும் மாப்பிள்ளைக்கு

கானாடுகாத்தான்

அன்புள்ள மாப்ளே,

நலம், நலமறிய அவா. பேரன் பிறந்த செய்தியில் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். குழந்தையைப் பார்க்க உன் தங்கச்சி இப்போதே பெட்டி கட்டிவிட்டாள். இங்கே பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டாங்கட்டில் ஒழுகிய ஓடுகளை மாற்றினோம். ஓடு வாங்கியதைவிட ஆள் பிடித்ததுதான் பெரும்பாடு.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். 58 வயதில் ஸ்நூக்கர் பழகுகிறாய் என்று படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் பொறாமை. பந்தை அடிக்கும் குச்சியை, அதான் கியூவை, சொந்தமாக வாங்குவதென்றால் எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறாய். சரியான ஆளிடம்தான் கேட்டாய். தப்பாக வாங்கியதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

ஏழு வருஷம் முன்னால் காரைக்குடியில் ஒரு பழைய சாமான் கடை. பீங்கான் ஜாடிகளுக்கும் எனாமல் தூக்குகளுக்கும் பின்னால் ஒரு கியூ நின்றது. அடிப்பக்கம் கருங்காலி, வெள்ளை வளையம் வேறு. ‘ரங்கூன் சாமான்’ என்றார் கடைக்காரர். ரங்கூன் என்று சொன்னால் நம்மூர்க்காரன் பேரமா பேசுவான்? தூக்கிக்கொண்டு கிளப்புக்குப் போனேன். அங்கே மேசைகளைப் பார்த்துக்கொள்ளும் மார்க்கர் தம்பி அதை வாங்கி, இழைத்த பலகையை ஆசாரி பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தார். “அண்ணே, இது ஸ்டிக் இல்ல, வில்லு” என்றார். இப்போது அதுதான் எங்கள் வீட்டு ஒட்டடைக் கம்பு. வளவு உயரத்துக்குத் தோதாக இருப்பதாக உன் தங்கச்சி சர்டிபிகேட் கொடுத்திருக்கிறாள்.

அதனால் முதலில் அந்தப் பார்வையைப் பழகிக்கொள். மேசையில் உருட்டிப் பார்த்தால் போதும் என்பார்கள். பல கியூக்களில் அடிப்பக்கம் ஒரு பட்டை தட்டையாகச் சீவியிருக்கும். நேரான கியூகூட அதனால் தத்தித் தத்தித்தான் உருளும். கண்ணை நம்பு.

ஆனால் உடனே கடைக்கு ஓடாதே. ஒரு மாசம் கிளப் ஸ்டிக்கிலேயே ஆடு. கைக்குப் பிடித்தது எதுவோ அதைத் தராசில் போட்டு எடையைக் குறித்துக்கொள். பெரும்பாலும் 480 முதல் 530 கிராமுக்குள் வரும். நீளம் 57, 58 அங்குலம்தான் வழக்கம். நீ நெட்டை, 58க்குக் குறையாமல் பார்.

மரத்தில் ஆஷ், மேப்பிள் என்று இரண்டு. மேப்பிள் வழவழவென்று ரேகையே தெரியாமல் இருக்கும். ஆஷில் அம்பு அம்பாக ரேகை ஓடும். அந்த அம்பு மேலே வருகிறமாதிரி பிடித்தால் ஒவ்வொரு தடவையும் கியூ ஒரே நிலையில் கைக்கு வந்துவிடும். எனக்கு ஆஷ்தான். நம் வீட்டுத் தேக்குத் தூணைத் தடவி வளர்ந்த கைக்கு ரேகை தெரியாத மரம் பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது. இதெல்லாம் என் கிறுக்கு, நீ இரண்டையும் பிடித்துப் பார்.

ஆன்லைனில் வாங்குவதானால் ஜாக்கிரதை. ஸ்நூக்கர் என்று போட்டு, பூல் என்கிற வேறு ஆட்டத்தின் கியூவைத் தலையில் கட்டிவிடுவார்கள். அதன் முனை 13 மில்லிமீட்டர் வரை தடிப்பாக இருக்கும். நமக்கு 9.5 போதும்; நம் பந்தும் பூல் பந்தைவிடச் சின்னது, 52.5 மில்லிமீட்டர்தான்.

நீ பஸ்ஸில் போய்வருகிறவன், ஒற்றைத் துண்டு கியூ சரிப்படாது. நடுவில் கழற்றுவது சின்னப் பையில் அடங்கும். முக்கால் பாகத்தில் கழற்றுவதில் முன்பக்கம் முழுக்க ஒரே மரம், எனக்கு அதுதான் பிடிக்கும். எதுவானாலும் முறுக்கியபின் லேசாக அடித்துப் பார், ‘டக்’கென்று தளர்ந்த சத்தம் கேட்கக்கூடாது.

கியூ முனையில் ஒட்டியிருக்கும் டிப்பை மறந்துவிடாதே. மலிவான கியூவோடு வரும் தோல் டிப் பெரும்பாலும் உதவாது. மார்க்கரிடம் கொடுத்து நல்லதாக ஒன்றை ஒட்டி, விளிம்பைச் சீவி, உருட்டாக்கித் தரச் சொல். கியூவுக்கு இரட்டை விலை கொடுப்பதைவிட இதில் பலன் அதிகம். ஸ்காட்லாந்து ஸ்நூக்கர் வீரர் ஸ்டீபன் ஹெண்ட்ரி தன் ஏழு உலகப் பட்டங்களையும் ஒரு சாதாரண, மலிவான கியூவில்தான் ஜெயித்தார். 2003இல் விமானப் பயணத்தில் அது உடைந்தபோது மனிதர் நொந்துபோனார்.

சொந்தக் கியூ வந்தால் ஆட்டம் உடனே உயர்ந்துவிடாது. கிளப்பில் நாளுக்கொரு ஸ்டிக் எடுத்தபோது, தவறினால் ‘ஸ்டிக் சரியில்லை’ என்பேன். இப்போது அந்தச் சாக்குப் போய்விட்டது, தப்பு என்னுடையது என்று தெரிகிறது. அதற்கப்புறம்தான் திருந்தவே ஆரம்பித்தேன்.

வாங்கியபின் வெயிலில் காரில் விட்டுவிடாதே, சுவரில் சாய்த்தும் வைக்காதே.

இன்னொன்று. 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லைன் என்ற ராணுவ அதிகாரி கிளப்பிய ஆட்டம் இது (பிரிட்டிஷ் பிரதமராக இருந்த சேம்பர்லைன் வேறு ஆள்). 1882இல் விதிகளை எழுதி முடித்தது நம் ஊட்டியில். கிளப்பில் யாராவது ‘வெள்ளைக்காரன் ஆட்டம்’ என்றால் எடுத்துவிடு.

பிள்ளையார் நோன்புக்கு வருகிறாய்தானே? கியூவையும் கொண்டுவா. இழை எடுத்த கையோடு காரைக்குடி போய் ஒரு ஃபிரேம், அதாவது ஒரு ஆட்டம், போடலாம். தோற்றவன் ஒட்டடை அடிக்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்