இடிக்கும் முன் பதிவேடுகளை எடுத்து வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னையில் மாநகராட்சிப் பள்ளிகளின் பழைய கட்டடங்களை இடித்துப் புதியவை எழுப்பும் பணி நடந்து வருகிறது. மழைக்காலத்தில் ஒழுகாத மூலையாகப் பார்த்துப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் நடத்தியவன் நான். புதிய கட்டடங்களுக்கு எதிராக ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். கட்டடத்தோடு சேர்ந்து காணாமற் போகும் காகிதங்களைப் பற்றியே எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மையார் ஒருவருக்கு, ஆதார் அட்டையில் வயது குறைவாகப் பதிந்துபோனதால் முதியோர் உதவித்தொகை கிடைக்கவில்லை. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐந்தாம் வகுப்பு வரை அவர் படித்த பள்ளிக்குச் சான்று கேட்டு உடன் சென்றேன். இடிப்பின்போது பதிவேடுகளைச் சாக்கில் கட்டி வேறொரு பள்ளிக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். அந்தப் பள்ளியிலோ அப்படி எதுவும் வரவில்லை என்றார்கள். தலைமையாசிரியரைக் குறை சொல்ல மனம் வரவில்லை; அவர் அங்கு மாற்றலாகி வந்தே இரண்டு ஆண்டுகள் ஆகவில்லை.

சேர்க்கை நீக்கல் பதிவேடு என்பது வெறும் பெயர்ப் பட்டியல் அன்று. பிள்ளையின் பிறந்த தேதி, தந்தையின் தொழில், தாய்மொழி, முன்பு படித்த பள்ளி, நின்ற தேதி, நின்றதற்கான காரணம் என ஒரு குடும்பத்தின் கதையே ஒரு வரியில் அடங்கியிருக்கும். துறைமுகக் கூலி, மில் தொழிலாளி, மீன்பிடிப்பு என்று பக்கம் பக்கமாக வரும் அந்தத் தொழில் கட்டத்தைப் பார்த்தாலே இந்தப் பகுதி எப்படிப் பிழைத்தது என்பது விளங்கும். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியேறியவர்களின் பிள்ளைகளும், தெலுங்கு, உருது வழிப் பள்ளிகளில் படித்தவர்களும், 1996-இல் பின்னி ஆலை மூடப்பட்டதால் இடம் மாறிப் போனவர்களும் வேறெந்த ஏட்டிலும் இவ்வளவு துல்லியமாகப் பதிவாகியிருக்க வாய்ப்பில்லை.

பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு முதலில் சோறு போட வேண்டும் என்ற எண்ணமும் இந்த மாநகராட்சியில் பிறந்ததுதான். பழைய வண்ணாரப்பேட்டையில் வாழ்ந்த பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920-இல், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அந்தச் செலவைச் செய்ய ஆங்கிலேய அரசு இசையாததால் 1925-இல் அது நின்றுபோனது. காமராசர் காலத்து மதிய உணவும், 1982-இன் சத்துணவும், 2022-இன் காலை உணவும் பிறகு வந்தவை. உணவு வந்ததும் எத்தனை பிள்ளைகள் கூடினார்கள், நின்றதும் எத்தனை பேர் மறைந்தார்கள் என்பதற்குச் சாட்சி மேடைப் பேச்சுகள் அல்ல, அன்றைய வருகைப் பதிவேடுகள்தாம்.

நிர்வாகம் கைமாறும் ஒவ்வொரு முறையும் காகிதங்கள் சிதறுகின்றன. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் ஆகியவை 2011-இல் மாநகராட்சியோடு இணைந்தன. ஆனால் இணைக்கப்பட்ட பகுதிகளின் 139 அரசுப் பள்ளிகள் பத்தாண்டுக்கும் மேல் கழிந்த பிறகே மாநகராட்சியின் கைக்கு வந்தன. அதற்கு முன்பே, மாநகராட்சியின் பழைய பள்ளிகள் ‘சென்னைப் பள்ளி’ என்று பெயர் மாறியிருந்தன. முப்பது வருடம் கழித்துச் சான்று கேட்டு வருபவர் எந்தப் பெயரைச் சொல்லித் தேடுவார்?

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. இடிப்புப் பணியை ஒப்பந்ததாரரிடம் ஒப்படைக்கும் முன், பதிவேடுகள் எத்தனை, எந்த ஆண்டு முதல், யாரிடம் சென்றன என்று தலைமையாசிரியரும் பொறியாளரும் கையெழுத்திட்ட பட்டியல் ஒன்று மண்டல அலுவலகத்தில் இருக்க வேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தையவற்றை ஒளிவருடி எடுத்து, மூலத்தை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ ரிப்பன் மாளிகையிலோ வைக்கலாம். திறப்பு விழாக் கல்வெட்டைக் கல்லும் மண்ணுமாக லாரியில் ஏற்றாமல், புதிய சுவரிலேயே பதித்துவிடலாம் (புதிய கல்வெட்டுகளுக்கு இடம் கிடைக்கும்போது பழையதற்கு ஏன் கிடைக்காது?).

பூச்சி அரித்த ஏடுகளைப் பார்த்துப் படியெடுக்க ஆள் இல்லை என்று அலுவலர்கள் சொல்லக்கூடும். சனிக்கிழமைதோறும் வந்து உட்கார்ந்து எழுதித் தர, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாங்கள் நால்வர் தண்டையார்பேட்டையில் தயாராக இருக்கிறோம். மேசையும் அனுமதிக் கடிதமும் தந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்,
தண்டையார்பேட்டை, சென்னை.