‘வெளியிடு’ பொத்தானுக்கு முன்னால் இருக்கும் வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதிப்பாளரை எதிர்பார்க்காமல் தாமே நூல் வெளியிடும் கதாசிரியர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகள் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: இனி யார் வேண்டுமானாலும் புத்தகம் போடலாம், ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அழுத்தப் பத்து நிமிடம்கூட ஆகாது, வாஸ்தவம். அதற்கு முன்னால் இருக்கும் வேலையை யாரும் மணிக்கணக்கில் போட்டுச் சொல்வதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

60,000 சொற்களில் ஒரு நாவல் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 500 சொல் என்ற நிதானத்தில் முதல் வரைவுக்கு 120 மணி. பிறகு நான்கைந்து வாரம் அதைத் தொடாமல் வைத்திருந்து, இரண்டு முறை திருத்தி எழுத மணிக்கு 1,500 சொல் வீதம் 80 மணி. மெய்ப்பு, அதாவது பிழை பார்க்கும் வாசிப்பு, இரண்டு சுற்று. மணிக்கு 2,000 சொல்லைத் தாண்டினால் கண் பிழையைப் பார்க்காது, கதையைப் படிக்க ஆரம்பித்துவிடும். ஆக 60 மணி. பக்க வடிவமைப்பு, அட்டை, மின்னூல் கோப்பு, பின்னட்டைக் குறிப்பு, கணக்கு வழக்கு எல்லாவற்றுக்கும் குறைத்துப் போட்டாலும் 40. மொத்தம் 300 மணியில் கதை எழுதிய நேரம் 120தான். வேறு உத்தியோகம் பார்த்துக்கொண்டு தினம் ஒன்றரை மணி ஒதுக்குபவருக்கு இது 200 நாள் வேலை. ஆண்டுக்கு நான்கு நாவல் அறிவிப்பவர்கள் இந்தக் கணக்கில் எங்கே கை வைத்தார்கள் என்பது முதல் பத்துப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். பெரும்பாலும் மெய்ப்பில்தான்.

தமிழில் மெய்ப்புப் பார்ப்பது தனி வித்தை. பிழைதிருத்தும் மென்பொருள் பெரும்பாலும் அகராதியில் இல்லாத சொல்லைத்தான் பிடிக்கும். ‘அவள் மணம் மாறியது’ என்று இருந்தால் பேசாமல் விட்டுவிடும். மணமும் சொல், மனமும் சொல். கரை, கறை, அலை, அழை, குரல், குறள் எல்லாம் இந்த ரகம். வாயால் சொல்லித் தட்டச்சு செய்பவர்களுக்கு இவை கொத்துக் கொத்தாக வரும். பழைய அச்சுப் பிரதியை ஸ்கேன் செய்து எழுத்துணரி வழியாக எடுப்பவர்களுக்கு வேறு தலைவலி: ரகரமும் துணைக்காலும் மாறி ‘மரம்’ ‘மாம்’ ஆகிவிடும்.

கண்ணுக்கே தெரியாத பிழை ஒன்று உண்டு. ‘கௌரி’, ‘கெளரி’ இரண்டையும் பாருங்கள். பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. முதலாவதில் ககரத்தோடு ஔகாரக் குறி ஒரே குறியாகச் சேர்ந்திருக்கிறது. இரண்டாவதில் ஒற்றைக்கொம்பும், அதன்பின் தனி ளகரமும். அச்சில் பாதகமில்லை. மின்னூலில் வாசகர் ‘கௌரி’ என்று தேடினால் கதாநாயகியே கிடைக்க மாட்டாள். வாசித்துக் காட்டும் செயலியோ அவளைக் ‘கெ-ள-ரி’ என்று கூப்பிடும். சரி, கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் இடத்தையெல்லாம் ஒரே கட்டளையில் மாற்றிவிடலாமே என்று இறங்கினால் வெளி, தெளிவு, வெள்ளம் அத்தனையும் நாசம். மௌனம், கௌரவம், சௌகரியம், பௌர்ணமி என்று சொல் சொல்லாகத் தேடித்தான் மாற்ற வேண்டும். கடைசிச் சுற்றில் முழு நாவலையும் செயலியை வாசிக்கவிட்டுக் காதால் கேட்பது நல்லது. கண் விட்ட பிழையைக் காது பிடிக்கும்.

யுனிகோட் வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டிய கதைகளைத் தொகுப்பாகப் போடுபவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். பாமினி போன்ற எழுத்துருக்களில் கோப்புக்குள் இருப்பவை ரோமன் எழுத்துகளே. மேலே தமிழ் வேஷம் போட்டிருக்கும், அவ்வளவுதான். யுனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருளில் மொத்தமாகக் கொட்டினால் இடையில் இருந்த ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்துக் குப்பையாகும். அவற்றோடு வந்த காற்புள்ளி ‘இ’யாக மாறி உட்கார்ந்திருக்கும். ஆங்கிலச் சொற்களை முதலில் தனியே எடுத்து வைத்துவிட்டு மாற்றுவதே வழி.

மின்னூலைப் பொறுத்தவரை, இபப் கோப்பு என்பது வலைப்பக்கங்களை அடுக்கிச் சுருட்டிய ஒரு ஜிப் கோப்பு. பத்தி உள்தள்ள இடைவெளிப் பட்டையையும், புதுப் பக்கம் போக என்டர் விசையையும் தட்டிக்கொண்டே போனவர்களின் நூல், வாசகர் எழுத்தைப் பெரிதாக்கியதும் கலைந்துவிடும். அத்தியாயத் தலைப்புக்குத் தலைப்புப் பாணி (ஸ்டைல்), பத்திக்குப் பத்திப் பாணி. இதைச் செய்தாலே பொருளடக்கம் தானாக உருவாகும். தமிழ்ச் சொற்கள் நீளம். சிறிய திரையில் இரு ஓரமும் சமப்படுத்தினால் வரிக்கு இரண்டு சொல், நடுவே பெரிய பள்ளம். இடப்பக்கம் மட்டும் சீர்செய்வது கண்ணுக்கு இதம். சிறிய கைபேசியில், எழுத்தை ஆகப் பெரிதாக வைத்து, இருண்ட திரையில் ஒரு முறை புரட்டிப் பார்க்காமல் ஏற்றக் கூடாது.

அச்சு நூலில் சறுக்குவது முதுகில். ஒரு தாள் சுமார் 0.1 மி.மீ. தடிமன் என்றால், 240 பக்கத்துக்கு 120 தாள், முதுகு 12 மி.மீ. இதை வைத்து அட்டை தயாரித்த பிறகு ‘சின்னத் திருத்தம்தான்’ என்று மூன்று பக்கம் கூடிவிட்டால்? ஆப்செட்டில் 16 பக்கம் சேர்ந்து ஒரே தாளாக அச்சாகும், அது ஒரு ஃபாரம். 240 பக்கம் சரியாக 15 ஃபாரம். 243 ஆனால் 16 ஃபாரம், 256 பக்கம், கடைசியில் 13 வெள்ளைப் பக்கம். முதுகும் 0.8 மி.மீ. தடித்து, நூலின் பெயர் ஓரத்துக்கு ஒதுங்கும். உள்பக்கங்களை இறுதி செய்த பிறகே முதுகை அளக்க வேண்டும். அட்டைப் படம் 300 டிபிஐ, வெட்டுக்காக நாலாபுறமும் 3 மி.மீ. கூடுதல். இவை அச்சகத்தாரே சொல்லிவிடுவார்கள். அச்சுப்பதிப்பு, மின்பதிப்பு ஒவ்வொன்றுக்கும் தனி ஐஎஸ்பிஎன் (நூலின் அடையாள எண்) வேண்டும் என்பதைத்தான் பலர் மறக்கிறார்கள். இன்னொன்று, விற்பனைத் தளம் இலவசமாகத் தரும் எண்ணை வாங்கினால், பதிவேட்டில் பதிப்பாளர் இடத்தில் உங்கள் பெயர் இருக்காது.

பணம் வரும் வழியிலும் பொடி எழுத்து நிறைய. அமேசான் கிண்டிலின் ‘செலக்ட்’ திட்டத்தில் சேர்த்தால் 90 நாளைக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. மாதிரிக்கு 10 சதவீதம்வரை காட்டலாம். அச்சு நூலுக்கு இந்தக் கட்டு கிடையாது. 90 நாள் முடிந்ததும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்பதைக் கவனிக்காமல், 91ஆம் நாள் நாவலை வேறு தளத்தில் ஏற்றி மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. ராயல்டியும் உடனே வராது. ஒரு மாத விற்பனைக்கான தொகை அந்த மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்துத்தான். ஜனவரியில் விற்றதற்கு மார்ச் கடைசியில் என்று எழுதி வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை.

இனி, தங்களைப் போன்ற பத்திரிகைகளிடம் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின்படி பதிப்புரிமை எழுதியவுடனே எழுத்தாளருக்குச் சேர்ந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஆனால் ‘இன்று உள்ள, இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும், எல்லாக் காலத்துக்கும்’ என்று ஒரு வரியில் கையெழுத்து வாங்கினால், ஒரு சிறுகதையோடு அதன் ஒலிநூலும் திரைக்கதையும் மொழிபெயர்ப்பும் போய்விடுகின்றன. வாங்குவது முதல் பிரசுர உரிமை மட்டுமா, எத்தனை நாள் கழித்து எழுத்தாளர் அதைத் தம் தொகுப்பில் சேர்க்கலாம், இணையத்தில் இருந்துகொண்டே இருக்குமா, சன்மானம் எப்போது? நான்கு வரி போதும், அதைக் கதை வேண்டும் என்ற அறிவிப்பிலேயே போட்டுவிடலாம்.

இன்னொரு வழக்கம், ‘வேறு இதழுக்கு அனுப்பாத கதை’ என்று உறுதிமொழி கேட்டுவிட்டு, ஏற்றோம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல் விடுவது. இதழுக்கு மூன்று மாதம் என்று காத்திருந்தால் மூன்று இதழ் சுற்றிவர ஒரு கதைக்கு ஒன்பது மாதம் ஆகிறது. தனித்தனியே பதில் எழுத ஆள் இல்லை என்பது புரிகிறது. ‘60 நாளில் தகவல் இல்லையெனில் ஏற்கப்படவில்லை என்று கொள்ளவும்’ என்று ஒரு வரி போட ஆள் தேவையில்லை.

நூல் அறிமுகப் பகுதிக்கு வரும் பிரதிகளில் பதிப்பகத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தாளர் பெயரே இருந்தால் அப்படியே ஓரம் கட்டுவதையும் மாற்றிக்கொள்ளலாம். சலுகை வேண்டாம். எந்தப் பக்கத்தையாவது பிரித்து ஐந்து பக்கம் படியுங்கள். ஒற்றுப்பிழை, பெயர்க் குழப்பம், கண்டபடி உடைந்த வரிகள் இருந்தால் தாராளமாகத் தள்ளுங்கள். பெரிய பதிப்பகத்தின் நூலையும் அதே ஐந்து பக்கம் படித்துவிட்டு.

இப்படிக்கு,
சொந்தமாக நூல் வெளியிடும் ஒரு கதாசிரியர்