வானியல் படிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். படிப்பு வட்டத்தின் வேலை மட்டுமே இந்த அறிக்கையில் உள்ளது. இவ்வாண்டு முழுவதும் எடுத்துக்கொண்டது ஒரே கேள்வி: சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்துகள் ஓட்டமான சூரியக் காற்று ஒரு வான்பொருளின்மேல் மோதும்போது என்ன நடக்கிறது? விண்வெளி இயற்பியலாளர் அனில் பரத்வாஜின் ஆய்வுகளை ஒட்டியே இதைப் படித்தோம். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் 1992இல் முனைவர் பட்டம் பெற்றவர். 1993இல் திருவனந்தபுரத்தில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். 2007இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது. 2017இல் அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகத்தின் இயக்குநர் ஆனார். வால்மீன், சனி வளையம், நிலா, செவ்வாய் என்று அவர் தொட்டவை பலவானாலும், வெளியிலிருந்து வரும் துகளோ கதிரோ ஓர் அணுவைத் தாக்கினால் அந்த அணு என்ன ஆகிறது என்பதே எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிறது.

முதல் பாடம் வால்மீன். 1996இல் ஹயகுடாகே வால்மீனிலிருந்து எக்ஸ் கதிர் வருவதை ரோசாட் செயற்கைக்கோள் கண்டது. குளிர்ந்த பனிப்பொருளில் எக்ஸ் கதிருக்கு என்ன வேலை? எலெக்ட்ரான்கள் பலவற்றை இழந்த ஆக்சிஜன், கார்பன் அயனிகள் சூரியக் காற்றோடு வருகின்றன. அவை வால்மீனைச் சூழ்ந்த நீராவி மூலக்கூறிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பறிக்கின்றன. பறித்த எலெக்ட்ரான் உயர்ந்த நிலையிலிருந்து படிப்படியாக இறங்கும்போது எக்ஸ் கதிர் வெளிப்படுகிறது. இதை மின்னேற்றப் பரிமாற்றம் என்கிறோம். சனியின் வளையத்திலிருந்து வரும் எக்ஸ் கதிரைப் பரத்வாஜ் குழு 2005இல் அறிவித்தது. அங்கே காரணம் வேறு: சூரியனின் எக்ஸ் கதிர் பட்டு, வளையப் பனியிலுள்ள ஆக்சிஜன் ஒளிர்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. (அதைக் கண்ட தொலைநோக்கி நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய சந்திரா.)

அதிக நாள் எடுத்தது நிலாதான். புவியின் தூரத்தில் சூரியக் காற்றின் வேகம் ஏறக்குறைய நொடிக்கு 400 கி.மீ.; ஒரு கன செ.மீ.யில் சுமார் 5 புரோட்டான். பெருக்கினால், ஒரு சதுர செ.மீ.யில் நொடிக்கு 20 கோடி புரோட்டான் விழுகிறது. ஒவ்வொன்றின் ஆற்றலும் சுமார் 840 எலெக்ட்ரான் வோல்ட். நிலவில் காற்றுமண்டலம் இல்லை, முழுக் கோளையும் சூழும் காந்தப்புலமும் இல்லை. ஆகவே வந்ததெல்லாம் மண்ணில் புதைந்துவிடும் என்றே நெடுநாள் கொண்டிருந்தார்கள்.

2008 அக்டோபர் 22இல் ஏவிய சந்திரயான்-1இல், நிலவிலிருந்து திரும்பிவரும் நடுநிலை (மின்னேற்றம் இல்லாத) அணுக்களை அளக்கும் சாரா என்ற கருவி சென்றது. சுவீடனின் கிரூனா விண்வெளி இயற்பியல் நிறுவனமும் திருவனந்தபுரம் ஆய்வகமும் சேர்ந்து செய்தது. மின்னேற்றம் இல்லாத அணுவை மின்புலத்தால் வளைக்க முடியாது. அதை அளப்பதன் சிக்கலே அதுதான். எனவே வாயிலில் ஒரு மின்புலம் அயனிகளையும் எலெக்ட்ரான்களையும் முதலில் ஒதுக்கிவிடுகிறது. உள்ளே வரும் நடுநிலை அணு ஒரு மாற்றுப் பரப்பில் உரசி நேர் அயனியாகிறது. பிறகு அலைபோல் வளைந்த பாதை வழியே போகும்போது அதன் ஆற்றல் பிரித்தறியப்படுகிறது. கடைசியில் ஒரு குறிப்பிட்ட தூரத்தைக் கடக்கும் நேரத்திலிருந்து நிறை தெரிகிறது. பாதையை வளைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. புறஊதா ஒளி நேர்கோட்டில் உணரியை எட்டினால் பொய் எண்ணிக்கை குவியும். வளைவு அதை வழியிலேயே மறிக்கிறது.

கிடைத்த விடை எதிர்பாராதது. விழும் புரோட்டான்களில் 20 விழுக்காடு வரை ஹைட்ரஜன் அணுவாகத் திரும்பிவருகிறது. புரோட்டானாகவே திரும்புவது 1 விழுக்காடோ அதற்கும் குறைவோதான். நிலவின் மறுபக்கத்தில் கெராசிமோவிச் பள்ளத்தருகே நிலவுப்பாறையின் உள்ளூர்க் காந்தம் சூரியக் காற்றைத் தடுத்து, தரையில் சுமார் 360 கி.மீ. அகலத்துக்கு ஒரு சிறு காந்தக்கோளம் அமைத்திருப்பதையும் சாரா காட்டியது. அங்கே திரும்பும் ஹைட்ரஜன் குறைந்து, சுற்றிலும் கூடியிருந்தது. திட்டமிட்ட இரண்டாண்டுக்குப் பதில் 312 நாளிலேயே அந்தக் கலம் நின்றுபோனது பெரிய இழப்பு.

பயிற்சி வகுப்பில், விண்கலங்கள் அளந்த சூரியக் காற்றின் வேகம், அடர்த்தி முதலியவற்றைத் தொகுத்த ஓம்னி தரவுகளைக் கையாண்டோம். திரும்பத் திரும்ப வந்த பிழைகள் மூன்று. முதலாவது, அளவு கிடைக்காத மணிகளில் வேகத்துக்கு 9999, அடர்த்திக்கு 999.9 என்று நிரப்பியிருக்கும்; நீக்காமல் சராசரி எடுத்தால் வேகம் ஆயிரங்களுக்குத் தாவும். இரண்டாவது, தரவில் இருப்பது உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் கூட்ட வேண்டும், நள்ளிரவை ஒட்டிய காந்தப் புயலில் (சூரியக் காற்று புவியின் காந்தப்புலத்தைக் குலைக்கும் நிகழ்வு) தேதியே மாறிவிடும். மூன்றாவதுதான் கண்ணில் படாதது. சூரியக் காற்றை அளக்கும் கலங்கள் நிற்கும் எல்-1 புள்ளி புவியிலிருந்து சூரியன் பக்கம் 15 லட்சம் கி.மீ. தள்ளி இருப்பதால், நொடிக்கு 400 கி.மீ. வேகத்தில் காற்று புவிக்கு வர ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். ஆனால் ஓம்னியின் நிமிடத் தரவு ஏற்கெனவே புவியின் காந்தக்கோளத்துக்கு முன்னே சூரியக் காற்று தடுக்கப்படும் முனைக்கு நேரத்தை நகர்த்திய தரவு. அதன்மேல் நாமும் ஒரு மணி நேரத்தைச் சேர்த்தால் புயல் தாமதமாகத் தெரியும்.

நிலவைப் பற்றிக் கணக்கிடுவோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பௌர்ணமியை ஒட்டிய சில நாள்கள் நிலா புவியின் காந்தவாலுக்குள் (சூரியனுக்கு எதிர்ப்புறம் நீளும் புவிக் காந்தப்புலம்) இருக்கும். அப்போது சூரியக் காற்று அதன்மேல் நேரே படாது. அந்த நாள்களைக் கழித்தே சராசரி எடுக்க வேண்டும்.

செவ்வாயைச் சுருக்கமாகவே பார்த்தோம். செவ்வாயின் மேல்வளிமத்தின் சேர்க்கையை அளந்த மங்கள்யானின் மென்கா கருவிக்கு முதன்மை ஆய்வாளர் பரத்வாஜ்தான். சூரியக் காற்று அங்கிருந்து நொடிக்கு சுமார் 100 கிராம் வளிமத்தை அள்ளிச்செல்கிறது என்று நாசாவின் மேவன் கலத்தின் அளவுகளிலிருந்து 2015இல் அறிவித்தார்கள். இதற்குத் தனியாக ஓராண்டு ஒதுக்கலாம்.

வரும் ஆண்டுக்கு ஆதித்யா-எல்1 கலத்தில் சூரியக் காற்றுத் துகளை அளக்கும் ஆஸ்பெக்ஸ் கருவியின் தரவை எடுத்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறேன். இஸ்ரோவின் பிரதான் இணையதளத்தில் பதிவு செய்தால் தரவிறக்கலாம். புவியில் சூரியக் காற்றின் விளைவைப் பார்க்கத் திருநெல்வேலியின் காந்த அளவை மட்டும் நம்பக் கூடாது. காந்த நடுக்கோட்டுக்கு அருகே பகலில் மேலே ஓடும் மின்னோட்டம் அந்த அளவை உயர்த்தி, புயலில் காந்த அளவு இறங்குவதை மறைத்துவிடும். பகல்நேரப் புயலுக்கு, அந்த நடுக்கோட்டிலிருந்து தள்ளி மும்பை அருகே உள்ள அலிபாக் ஆய்வகத்தின் அளவை முதலில் வரைந்து, திருநெல்வேலி அளவிலிருந்து அதைக் கழித்தால் மின்னோட்டத்தின் பங்கு தனியே தெரியும். இந்தப் பணிக்கு விருப்பமுள்ள உறுப்பினர்கள் இன்றைய கூட்டம் முடிவதற்குள் பெயர் கொடுக்கவும். அறிக்கையை ஏற்குமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்